மூணுமூலை அரிசியும் செல்வராணி நிறுத்திய மாத்திரையும்

நாளையிலிருந்து உங்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கு இரண்டு தேயிலைத் தோட்டம். நீங்கள் போசாக்கு வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் அனுபவப்பட்ட ஒருத்தி பேசட்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் சாதனைகளைக் கேட்க விரும்புகிறவர்கள் ஹட்டனில் என் வீட்டுக்கு வரலாம். பிரியாவிடை மடலைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். அதை எழுதியவருக்கு என்னைத் தெரியாது என்பது வாசித்தாலே விளங்கும். இங்கே நான் பேசப்போவது ஒரு தானியத்தைப் பற்றி. அதை வைத்துக்கொண்டு நான் அடித்த கூத்தைப் பற்றியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நான் புதிதாகச் சேர்ந்தபோது செய்த தவறு இல்லை. அப்படி இருந்திருந்தால் வயசுக் கோளாறு என்று சொல்லித் தப்பித்திருப்பேன். ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருக்கும்போது, உங்களைப் போன்றவர்களுக்கு வகுப்பெடுக்கும் அளவுக்கு மூத்தவளாகி, கழுத்தில் மூக்குக் கண்ணாடிச் சங்கிலி தொங்க நடந்த காலத்தில் செய்தது.

கோதுமை மாவுக்கும் பெட்ரோலுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம் அது. தோட்டத்துத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் காலையிலும் மத்தியானமும் ரொட்டிதான் சாப்பாடு என்பது உங்களுக்குத் தெரியும். மா இல்லாவிட்டால் அடுப்பே இல்லை என்ற நிலை. அப்போது வெளிநாட்டிலிருந்து நம் அலுவலகத்துக்கு உதவியாகச் சில மூட்டைகள் வந்து இறங்கின. உள்ளே பக்வீட். உமி நீக்கிய முழுத் தானியம். கையில் அள்ளிப் பார்த்தால் ஒவ்வொரு மணியும் மூன்று பக்கமும் சீவியது போல இருக்கும். பொகவந்தலாவைக்கு மேலே என் பொறுப்பில் இருந்த தோட்டத்துப் பெண்கள் பார்த்தவுடனே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: மூணுமூலை அரிசி. நான் அரை மணி நேரம் விளக்கியதைவிட அது தெளிவாக இருந்தது.

மூட்டையோடு ஆங்கிலத்தில் ஒரு பக்கக் குறிப்பும் வந்தது. அதைத் தமிழாக்கும் பொறுப்பு என்னுடையது. மொழிபெயர்ப்பில் எனக்கு எப்போதுமே ஒரு தாராள மனசு உண்டு. "நல்ல தரமான புரதம் உள்ளது" என்று குறிப்பில் இருந்தது. என் தமிழில் அது "இறைச்சிக்கும் முட்டைக்கும் நிகரான புரதம்" ஆனது. கடைசி வரியில் "மக்னீசியம், சிறிதளவு இரும்பு முதலிய தாதுக்களும் உண்டு" என்று அடக்கமாகச் சொல்லியிருந்தார்கள். அந்தச் "சிறிதளவு" எனக்குச் சப்பென்று இருந்தது. பெண்களுக்குக் காட்டும் படத்தாளில் "இரும்புச்சத்து நிறைந்தது" என்று சிவப்பு மையால் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் செயல்விளக்கம் வைத்தேன். பெயரில் 'வீட்', அதாவது கோதுமை இருப்பதால் ரொட்டி வரும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பக்வீட் கோதுமையே இல்லை, வேறு செடியின் விதை, மாவை இழுத்துப் பிடிக்கும் பசை அதில் கிடையாது என்பதை முந்தின நாள் வீட்டில் ஒரு ரொட்டி சுட்டிருந்தால் தெரிந்துகொண்டிருப்பேன். நான் சுடவில்லை. மணியை அரைத்துப் பிசைந்து, நாற்பது பெண்களுக்கு முன்னால் தட்டிய மா கல்லுக்குப் போகும் வழியிலேயே மூன்றாக விண்டு விழுந்தது. இரண்டாவது ரொட்டி இன்னும் சின்னத் துண்டுகளாக விழுந்தது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். கடைசியில் முழு மணியாகவே போட்டுக் கூழ் காய்ச்சிச் சமாளித்தேன். எல்லாருக்கும் ஆளுக்கொரு கரண்டி கொடுத்தேன். எனக்கு மட்டும் நேரம் இருக்கவில்லை, பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் செல்வராணி. கொழுந்து பறிப்பவள். ஐந்து மாதக் கர்ப்பம். ஏழு வயதில் ஏற்கனவே ஒரு மகள். கிளினிக் அட்டையில் அவளுக்கு ரத்தம் குறைவு என்று எழுதியிருந்தது. நான் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கேள்வி கேட்காமல் தலையாட்டுகிறவர்களை எனக்கு அந்தக் காலத்தில் மிகவும் பிடிக்கும்.

தோட்டத்துக் கர்ப்பிணிகளுக்கு வாரம் ஒரு பொட்டலம் என்று கொடுத்தேன். வாராவாரம் போய்க் கேட்பேன்.

"சாப்பிடுறியா செல்வராணி?"

"ஆமாங்க மிஸ்."

"தெனமும்?"

"தெனமும்ங்க மிஸ்."

நான் சரி அடையாளம் போடுவேன். இரண்டு மாதத்தில் என் பதிவேடு முழுக்கச் சரி அடையாளங்கள். அதை வைத்து மேலிடத்துக்கு ஓர் அறிக்கையும் அனுப்பினேன். கூழ்ச் சட்டிக்குப் பக்கத்தில் நான் கரண்டியோடு நிற்கும் படம் அதன் முகப்பில் இருந்தது.

அறிக்கை போன மறு வாரம் தோட்டத்துக் கிளினிக்கில் ரத்தம் சோதித்தார்கள். அங்கே பொறுப்பாக இருந்த, பிரசவம் பார்க்கும் மருத்துவமாது என் வயதுக்காரர். இருபது வருடப் பழக்கம், அதனால் எனக்கு மரியாதை கொடுக்கும் பழக்கம் அவரிடம் இல்லை. செல்வராணியின் அட்டையை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார்.

"பாருங்க. கூடல. முன்ன இருந்ததவிட எறங்கியிருக்கு. உங்க அரிசி என்ன செய்யுது?"

என் அரிசி! அறிக்கை போய்விட்டது, படமும் போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் செல்வராணி மேல்தான் பாய்ந்தது. வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்த பத்துப் பெண்களுக்கு முன்னால், "பொய்தானே சொன்ன? கோழிக்குப் போட்டியா? உனக்காகத்தான் நான் பஸ் ஏறி வர்றேன்" என்று சத்தம் போட்டேன். அவள் தலை நிமிரவில்லை. "சாப்பிட்டேங்க மிஸ்" என்று மட்டும் சொன்னாள். இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் கூசுவது அந்த இடம்தான். மற்றதெல்லாம் அறியாமை. இது அகங்காரம்.

இரண்டு நாள் கழித்து, கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் அவள் லயத்துக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். மலையிலிருந்து வந்து அடுப்பில் சட்டியை வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் பொட்டலத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அந்த வாரத்து மணிகள் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தன. சட்டியில் கொதித்துக்கொண்டிருந்ததும் அதுதான்.

"நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க மிஸ்" என்று கோப்பையில் போட்டுக் கொடுத்தாள். கூடவே ஒரு பெரிய கோப்பை நிறையச் சாயம் கூடிய தேத்தண்ணி.

இரண்டு மாதமாக நான் புகழ்ந்து திரிந்த தானியத்தை அன்றுதான் முதன்முதலாக வாயில் வைத்தேன். வறுக்காமல் அவித்தது. ஒரு மாதிரி மண் வாசனை. கொழகொழவென்று போய்த் தொண்டையில் நின்றது. என்னையறியாமல் கை தேத்தண்ணிக்குப் போனது. ஒரே மடக்கில் பாதிக் கோப்பை உள்ளே போனபிறகுதான் கூழ் இறங்கியது.

"அப்படித்தாங்க மிஸ் எறங்கும்" என்றாள் செல்வராணி. "நான் ரெண்டு கோப்ப குடிப்பேன்."

சாப்பாட்டோடு குடிக்கிற தேநீர், செடியிலிருந்து கிடைக்கும் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். நீங்கள் படித்த பாடத்தில் இருக்கிறது. நான் படித்த பாடத்திலும் இருந்தது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலையாக இருக்கும் மலையில் நின்றுகொண்டு, அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அப்போதாவது புத்தி முழுசாக வந்ததா என்றால், இல்லை. தேத்தண்ணிதான் குற்றவாளி, நான் தப்பித்தேன் என்று ஒரு நிம்மதி. சும்மா ஒரு பேச்சுக்குத்தான், "கிளினிக்குல குடுத்த ரத்த மாத்திரை எப்ப போடுற?" என்று கேட்டேன்.

அவள் தயங்கினாள். "போடறதில்லைங்க மிஸ்."

"எத்தன நாளா?"

"நீங்க இத குடுத்ததுலேருந்து. மாத்திர போட்டா ஓங்கரிச்சுக்கிட்டு வருதுங்க. இதுலதான் இரும்பு நெறைய இருக்குன்னு நீங்க சொன்னீங்களே. செவப்புல எழுதியிருந்துச்சே. அப்பறம் அது எதுக்குன்னு..."

"முட்ட? நெத்தலி?"

"முட்டைக்குச் சமம்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க. இருக்கறத பெரியவளுக்குக் குடுத்துர்றேன். அவ வளர்ற புள்ள."

என் கையில் கோப்பை அப்படியே இருந்தது. ஒரு தானியத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, அவள் தட்டிலிருந்து முட்டை, நெத்தலி, மாத்திரை மூன்றையும் நானே எடுத்துவிட்டிருந்தேன். அவள் நான் சொன்னபடியே செய்தாள். பத்துப் பேருக்கு முன்னால் நான் பொய்க்காரி என்று சொன்னது அவளைத்தான்.

மாத்திரை அட்டைகளை எடுத்துக்காட்ட அவள் எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. உதடு வெளுத்துக் கிடந்தது. மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன், நாடி ஓடிய ஓட்டம் என்னைப் பயமுறுத்தியது.

"ஒண்ணுமில்லைங்க மிஸ். மல ஏறும்போது இப்படித்தான் வரும். செத்த நேரத்துல சரியாயிரும்."

அடுத்த கிளினிக் வரை பொறுக்கலாமே என்று என் மனதின் ஒரு மூலை சொன்னது. இன்றிலிருந்து மாத்திரை போட்டால் அதற்குள் கொஞ்சம் ஏறிவிடும், யாருக்கும் தெரியாமல் போய்விடும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் மனதும் ஒருநாள் இதே யோசனையை, இதே நல்ல தமிழில் உங்களிடம் சொல்லும். நோயாளியின் நன்மைக்காகச் சொல்வது போலவே இருக்கும்.

அவள் புருஷன் யோகன் ராகலைப் பக்கம் மரக்கறித் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்தான். மூன்று ஆட்டோக்காரர்களைக் கேட்டாயிற்று, ஒருவரிடமும் பெட்ரோல் இல்லை. ரோட்டில் கொழுந்து லொறி ஒன்று மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றது. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா பக்கத்தில் நின்றார். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"லொறி ஃபெக்டரிக்குல்ல போகுது மிஸ். ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்."

"தெரியுங்க. கர்ப்பிணி. மூச்சு வாங்குது."

அவர் லயத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "ஏத்துங்க. கொழுந்து வாடிப்போச்சுன்னா தொரைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

செல்வராணியை முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தோம். நான் பின்னால் கொழுந்து மூட்டைகளின் மேல். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு உருண்டேன். சங்கிலி அறுந்து கண்ணாடி எங்கேயோ போனது. இரண்டு மாதமாக இரும்பைத் தடுத்த சரக்கின் மேலேயே படுத்துக்கொண்டு போகிறோமே என்று தோன்றி, அழ வேண்டிய நேரத்தில் சிரிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஓர் இளம் சிங்கள டாக்டர். தமிழ் அவ்வளவாக வராது. செல்வராணிக்குச் சிங்களம் கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போதும், டாக்டரிடம் பேசப் போதாது. ஆகவே மொழிபெயர்ப்பு மறுபடியும் என் கைக்கு வந்தது.

டாக்டர் அட்டையைப் பார்த்தார். "இரும்பு மாத்திரை ஒழுங்காகப் போட்டாளா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் தமிழில் கேட்டேன். செல்வராணி டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"போட்டேன்னு சொல்லுங்க மிஸ்."

"செல்வராணி..."

"சொல்லுங்க மிஸ். ஒரு நாளும் விடலன்னு சொல்லுங்க."

அவள் என்ன செய்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. என்னைக் காப்பாற்றுகிறாள். மூச்சு விடவே திணறுகிற ஒருத்தி, ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு, என் வேலையைக் காப்பாற்றப் பார்க்கிறாள்.

டாக்டர் பேனாவோடு காத்திருந்தார். "ஆம்" என்பதற்குச் சிங்களத்தில் ஒரே ஒரு சின்னச் சொல்தான். அது என் நாக்கு நுனி வரை வந்தது என்பதை மறைக்கமாட்டேன். பதவி, அறிக்கை, கரண்டியோடு நின்ற படம் எல்லாம் வரிசையாக வந்து போயின. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"போடவில்லை" என்றேன். "இரண்டு மாதமாக நிறுத்திவிட்டாள். ஒரு தானியம் கொடுத்து, அதில் இரும்பு நிறைய இருக்கிறது என்று நான் சொன்னேன். முட்டை மீனையும் அதனால்தான் விட்டாள். சாப்பாட்டோடு தேநீர் குடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை." என் சிங்களத்தில் இலக்கணம் எப்போதுமே நொண்டும். அன்று ஒரு வார்த்தை கூடப் பிசகவில்லை.

திட்டுவார் என்று நின்றேன். அவர் அட்டையில் எதையோ வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினார். "சொன்னது நல்லது" என்றார். "மாத்திரை போட்டும் இவ்வளவு குறைவு என்றால் வேறு நோய் இருக்குமோ என்று தேடத் தொடங்கியிருப்பேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். பெட்ரோல் இருக்கிற நிலையில் அதுவே ஒரு நாள் ஆகியிருக்கும்." பிறகுதான் கேட்டார், "அது என்ன தானியம்?"

அன்று ரத்தம் ஏற்றினார்கள். பிறகு ஊசி வழியாக இரும்பு. ஐந்து நாள் அங்கே இருந்தாள். யோகன் வந்தபோது நடந்ததை நானே சொன்னேன். "இனிமே எதக் குடுத்தாலும் மொதல்ல நீங்க தின்னுட்டுக் குடுங்க மிஸ்" என்றான். எனக்குக் கிடைத்த பயிற்சிகளிலேயே சுருக்கமானது அதுதான்.

மருத்துவமாதிடம் போனேன். ஏசுவதற்கு அவருக்கு முழு உரிமை இருந்தது. "நான் மாத்திரையக் குடுக்குறேன், நீங்க அரிசியப் போட்டுத் தள்ளிவிடுறீங்க" என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, "நானும் போடுறியான்னு கேட்டேன், ஆமான்னா, எழுதிட்டேன். மாத்திர அட்டையக் கொண்டாந்து காட்டுன்னு ஒரு நாளும் சொல்லல" என்றார். மறு நாளே இரண்டு பேரும் சேர்ந்து மற்றக் கர்ப்பிணிகளின் வீடுகளுக்குப் போனோம். இன்னும் மூன்று பேர் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். சிவப்பு மை நல்ல வேலை செய்திருந்தது.

அறிக்கையைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று அலுவலகத்துக்கு எழுதினேன். ஒரு வரியை மாற்றினால் போதாதா என்று கேட்டார்கள். முழுவதையும் மாற்றி எழுதிக் கொடுத்தேன். படம் இல்லாமல்.

இப்போது அந்தத் தானியத்துக்குச் சேர வேண்டிய மரியாதையைச் செய்துவிடுகிறேன். பாவம், அது ஒரு பொய்யும் சொல்லவில்லை. முழுத் தானியமாகச் சாப்பிட்டால் நார்ச்சத்து உண்டு, வயிறு நிற்கும். வெள்ளை மாவில் குறைவாக இருக்கும் சில புரதக் கூறுகள் அதில் நன்றாகவே இருக்கின்றன. மக்னீசியம் உண்டு. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள், வேறு மா கலக்காமல் சுத்தமாக இருந்தால், சாப்பிடலாம். இரும்பும் இருக்கிறது, மருந்தாகிற அளவுக்கு இல்லை. நல்ல சாப்பாடு. அவ்வளவுதான். அதுவே போதுமான பெருமை. தட்டில் இருப்பதோடு சேர்த்து வைக்க வேண்டியதை, தட்டில் இருப்பதைத் தள்ளிவிட்டு நான் வைத்தேன். நீங்கள் எதைக் கொண்டுபோனாலும், "இது வந்த பிறகு எதை நிறுத்தினீங்க?" என்று மறு வாரமே கேளுங்கள்.

செல்வராணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை. பிறந்து ஒரு மாதம் போனதும் பார்க்கப் போனேன். கைப்பையில் முட்டையும் கொய்யாப்பழமும் வைத்திருந்தேன். எந்தப் படத்தாளும் கொண்டுபோகவில்லை. குழந்தையை என் மடியில் போட்டாள். வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அன்னைக்கு டாக்டர்கிட்ட ஏன் பொய் சொல்லச் சொன்ன? நான் உன்ன அவ்வளவு ஏசியிருந்தேன்."

"உங்கள வேலைய விட்டு நிப்பாட்டிட்டா இந்த லயத்துக்கு யாருங்க மிஸ் வருவா? வர்றது நீங்க ஒருத்தருதான்" என்றாள்.

அவள் இரண்டு மாதம் அதை விழுங்கியது தானியத்தை நம்பியதால்கூட இல்லை போலிருக்கிறது. பஸ் ஏறி வருகிறவளின் மனம் நோகக்கூடாது என்பதற்காக. குழந்தையைத் தட்டிக்கொண்டே கேட்டேன்.

"உண்மையச் சொல்லு. அந்தக் கூழு உனக்குப் புடிச்சிருந்துச்சா?"

அவள் வாசலைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"வாயில வைக்க முடியலைங்க மிஸ். ஒரு நாளும்."

பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு குரல், "எங்களுக்கும்தான் மிஸ்!" என்றது. அதற்கும் அடுத்த காம்பராவில் யாரோ சிரித்தார்கள். லயத்துச் சுவர்கள் எவ்வளவு மெலிசு என்று தெரியும்தானே. நான் பதிவேட்டை எடுத்துப் புதுப் பக்கம் திருப்பினேன்.

"எல்லாரும் வெளிய வாங்க" என்றேன். "ஏன் புடிக்கலன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."